பார்க்கிங்கில் காய்ந்த நெல்

மன்னார்குடியில் புதிதாகக் கட்டிய தன் பிசியோதெரபி கிளினிக் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திய சுடர்விழி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கார்கள் நிற்க மஞ்சள் கோடு போட்ட சிமெண்ட் தரை முழுக்க ஈரநெல். நடுவில் அப்பா இராஜாங்கம் காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார்.

அட பாவி மனுஷா, இன்றைக்குத்தானா! கார் நிறுத்த இடம் போதாது என்று நகராட்சியில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பி, காத்திருக்கும் அறையைப் பாதியாக வெட்டிய பிறகுதான் அனுமதியே கிடைத்தது. இன்று சரிபார்க்க வருகிறார்கள். கட்டட நிறைவுச் சான்று கொடுத்தால்தான் கரண்ட். கரண்ட் இல்லாமல் எந்த மெஷின் ஓடும்?

“நம்ம அம்சம் அத்தயோட நெல்லு பாப்பா. ஈரம்னு கொள்முதல் நிலையத்துல திருப்பிட்டாங்களாம். தரை சும்மாதான கெடந்துச்சு?”

ஆயுசு முழுக்க அடுத்தவர் களத்தில் நெல் காயவைத்த மனுஷர். சொந்தத் தரை சும்மா கிடந்தால் கை சும்மா இருக்குமா? திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள்.

அதற்குள் நகராட்சி ஆய்வாளர் அறிவுச்செல்வன் வந்து இறங்கிவிட்டார். “என்னம்மா, பார்க்கிங்னு காட்டிட்டு களமாக்கி வச்சிருக்கீங்க? இப்படியே போட்டோ எடுத்தா சான்று கெடைக்காது. பக்கத்துத் தெருவுல ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு வர்றேன். அள்ளிடுங்க.”

அம்சம் சாக்கோடு ஓடிவந்தாள். சுற்றிலும் நேற்றைய மழைச் சேறு. வானமும் மூட்டம் போட்டிருந்தது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் சூடேறி முளைத்துவிடும். “என்னால ஒனக்கு இந்தக் கஷ்டமா கண்ணு” என்று அழாத குறையாக நின்றாள்.

சுடர்விழி கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். “உள்ள கொட்டுங்க அத்த.”

“புது டைல்ஸு பாப்பா!” என்றார் இராஜாங்கம்.

“கொட்டுங்கப்பா.”

மூவரும் வேர்க்க விறுவிறுக்க அள்ளினார்கள். திரும்பி வந்த அறிவுச்செல்வன் டேப் பிடித்து அளந்தார், போட்டோ எடுத்தார். “பார்க்கிங் சரியா இருக்கு” என்றார். அப்பாடா என்று இருந்தது சுடர்விழிக்கு.

“உள்ள ரூம் அளவையும் பாத்துடுறேன்.”

வேறு வழியில்லாமல் சுடர்விழி கதவைத் திறந்துவிட்டாள். சிகிச்சை அறை, நடைவழி, எங்கு பார்த்தாலும் நெல். கால் வைக்க இடமில்லை. அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறிவுச்செல்வன் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். டேப்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.