மூச்சு எடுக்கும் இடம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். பாடுகிறவர்கள் பாடிவிட்டுப் போன பிறகு அவர்களுடைய மூச்சை வெட்டி எடுப்பது அவன் வேலை. இருமல், எச்சில் விழுங்கும் சத்தம், நாற்காலியின் முனகல் எல்லாம் சுலபமாகப் போய்விடும். மூச்சுதான் பெரும்பாடு. நல்ல பாடகி மூச்சைச் சொல்லோடு ஒட்டி வைத்திருப்பாள். பழத்துக்கு வலிக்காமல் தோலை உரிப்பது போல உரிக்க வேண்டும்.

வெட்டியதை அவன் எறிவதில்லை. கணினித் திரையில் எல்லாத் தடங்களுக்கும் அடியில் ஒரு தடம் ஒதுக்கி, ஒவ்வொரு மூச்சையும் அது வந்த இடத்திலேயே வைத்துவிடுவான். என்றாவது யாராவது திரும்பக் கேட்கலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவன் மனைவி ஓபரா அரங்கின் குழுப்பாடகி. இரண்டாம் வரிசை, இடது ஓரம். போன வருஷம் தொண்டையில் சின்ன முடிச்சு என்று கத்தி வைத்தார்கள். ஆறிவிட்டது, இனி பாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு வந்தது. சண்டை முன்னைவிட நன்றாக வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. வரவில்லையா, அவள் கூப்பிடவில்லையா என்று கத்தரிக்குத் தெரியாது.

"ஒரு தடவை பாடித்தான் பாரேன்."

"கரகரன்னு வந்தா? அதைக் கேட்டுட்டு அப்புறம் நான் எப்படி இருக்கிறது? விடுங்க."

குழுவில் அவள் இடத்தை இந்த மாதக் கடைசிவரைதான் காலியாக வைத்திருப்பார்கள். அதற்குள் போய்ப் பாடிக் காட்ட வேண்டும். நாள்காட்டி மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் அவள் பார்ப்பதே இல்லை. வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது.

இந்த நேரத்தில்தான் ஒரு பாடகியின் பாடல்கள் அவன் மேசைக்கு வந்தன. துள்ளல் பாட்டுப் பாடிப் பேர் வாங்கியவள். இப்போது ஓபராப் பாடல்களை எடுத்து மைதானங்களில், கையில் மைக்கோடு பாடுகிறாள். கூட்டம் நெரிகிறது. மனைவி அவளுக்கு 'ரெண்டு படகு' என்று பெயர் வைத்திருந்தாள். மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுகிறவன், அவளுடைய பரம ரசிகன். ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வந்தால் சாப்பாடு ஆறிவிடும்.

"மைக்கைப் பிடுங்கிட்டுப் பாடச் சொல்லுடா பார்ப்போம். முதல் வரிசைக்கே கேட்காது. அத்தனை வாத்தியத்துக்கு மேலே வெறும் தொண்டை போகணும். அதுக்குத்தான் நாங்க உயிரை விட்டுக் கத்துக்கிட்டோம்."

"யாருக்குக்கா கேட்கணும்? உங்க அரங்கத்துல உட்கார்ந்திருக்கிற நானூறு கோட்டுக்கா? என் பஸ்ல அவ பாட்டைப் போட்டா, பின்சீட்ல தூங்கறவன் கண்ணைத் தொறந்து கேட்கறான்."

"எழுப்பி விடறதுக்குப் பாட்டு எதுக்கு? நீ பிரேக் போட்டாலே போதுமே."

"மாமா, நீங்க சொல்லுங்க. அவ நல்லா பாடறாளா இல்லையா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கத்தரி தட்டைப் பார்த்தான்.

தம்பி விடவில்லை. போனில் அவளுடைய புதுப் பாட்டைப் போட்டு அக்காவின் காதருகே வைத்தான். புதுத் தொகுப்பிலிருந்து இதுவரை வெளிவந்த ஒரே பாட்டு அது. அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் தேவதை என்றார்கள், பாதிப் பேர் பொம்மை என்றார்கள். மனைவி பாதிவரை கேட்டாள். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போனைத் தள்ளினாள்.

"எனக்கு மூச்சு முட்டுது. எங்கேயாவது மூச்சு விடறாளா இவ? மனுஷிதானா?"

கத்தரி சோற்றைப் பிசைந்தான். பாடகி மூச்சு விட்டிருந்தாள். ஒன்றுவிடாமல் அவன் உரித்து எடுத்திருந்தான். தயாரிப்பாளரின் உத்தரவு. "தேவதை மூச்சு வாங்குமாய்யா?" என்று கேட்டிருந்தார்.

அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் அடுத்த பாட்டு முடிந்தது. மாலையில் பாடகியே வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கத்தரி உட்கார்ந்தான். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தான். திரை கலங்கித் தெரிந்தது. அடித்தடத்தை அடைப்பதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஓடவிட்டான்.

குரல் இல்லை. வாத்தியம் இல்லை. மூச்சு மட்டும் வந்தது.

ஒன்று வரும். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. வீடு முழுக்க ஆட்கள் தூங்கும்போது நடுவில் விழித்துக் கிடப்பது போலிருந்தது. சில மூச்சுகள் நீளமானவை, அடியிலிருந்து மெல்ல ஏறுபவை. சில, கதவைச் சட்டென்று திறந்து மூடுவது போல. பஞ்சு ஒட்டிய சுவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருந்தது. அறை ஈரமாகிவிட்டது போலவும், தரைக்கு அடியில் எங்கோ தண்ணீர் வந்து வந்து திரும்புவது போலவும். தவறு என்று தெரிந்தது. நிறுத்தக் கை போகவில்லை.

கதவு திறந்தது. மனைவி. கையில் அவன் கண்ணாடி.

"இது இல்லாம என்னத்தைக் கிழிக்கிறீங்க?" என்று ஆரம்பித்தவள் நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாருங்க இது?"

அவன் வாய் திறக்குமுன் கையைக் காட்டினாள். "இருங்க. மூச்சு வர்ற இடத்தை வச்சுப் பார்த்தா, இது விளக்குக் கம்பத்தடியில காத்திருக்கறவ பாட்டு. மூணாவது அங்கம்." இன்னொரு மூச்சு வந்தது. "பார்த்தீங்களா, வயித்திலேர்ந்து எடுக்கறா. யாரோ ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்காங்க."

குழுப்பாடகிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீண்ட சுரத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டால் அது அறுந்துவிடும். அதனால் பக்கத்தில் நிற்பவள் மூச்சு எடுக்கும்போது இவள் பிடித்துக்கொள்வாள், இவள் எடுக்கும்போது அவள். நாளடைவில் அது தானாகவே நடக்கும். பஸ்ஸில் யாராவது பெருமூச்சு விட்டால்கூட அக்கா வாயைத் திறந்துவிடுவாள் என்று தம்பி கேலி செய்வான்.

அடுத்த மூச்சு வந்தபோது மனைவி பிடித்துக்கொண்டாள்.

ஒரு சுரம். மெல்லியது, ஓரம் கிழிந்தது. மூச்சு முடிந்ததும் அவளும் நிறுத்தினாள். அடுத்த மூச்சு, அடுத்த துண்டு. பாட்டு எங்கோ சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது இல்லாத இடங்களில் மட்டும் இவள் இருந்தாள். பாடுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கண்ணாடி அவள் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரி அசையவில்லை.

அப்போது நடுவிலிருந்த மௌனத்திலும் ஒரு குரல் வந்தது. சின்னக் குரல். ஒலிபெருக்கியிலிருந்து அல்ல, வாசலிலிருந்து. மழைக்கோட்டோடு பாடகி நின்றிருந்தாள். தன் மூச்சைத் தானே கேட்டு, அதற்கு ஏற்ற வரியைப் பாடினாள். அவள் மூச்சு எடுத்த இடத்தில் மனைவி பிடித்தாள். மனைவி விட்ட இடத்தில் அவள் எடுத்தாள். எங்கேயும் அறுபடவில்லை. ஒரே பெண் நீளமாக, களைக்காமல், விளக்கடியில் நின்று யாரையோ கூப்பிடுவது போல இருந்தது.

தடம் முடிந்தது. மனைவி விழித்துக்கொண்டவள் போலத் திரும்பினாள். யாரென்று கண்டதும் முகம் சிவந்தது.

"நான் மூச்சு எடுக்கிற இடத்துல நீங்க பிடிச்சுக்கிட்டீங்கக்கா," என்றாள் பாடகி. "இத்தனை வருஷமா தனியாவே பாடறேன். யாரும் பிடிச்சதில்லை."

மனைவி மூக்குக்கண்ணாடியை மடக்கினாள்.

"உங்க குரல் சின்னது," என்றாள்.

"தெரியும். அதனாலதான் மைக்."

"சின்னதுன்னுதான் சொன்னேன். பொய்யின்னு சொல்லலை. ஆனா நீங்க மைதானத்துல பாடறது எனக்குப் பிடிக்காது. அது மாறாது."

"சரிக்கா." பாடகி சிரித்தாள். "உங்க குரல் ரொம்பக் கரகரன்னு இருக்கு."

வீட்டில் அவளைத் தவிர யாரும் வாயில் எடுக்காத சொல். மனைவி தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், கையில் கட்டு இன்னும் இருக்கிறதா என்று குழந்தை பார்ப்பது போல.

"ஆமா," என்றாள். "கரகரன்னுதான் இருக்கு."

பாடகி திரையைப் பார்த்தாள். "அடியில இருக்கறது என் மூச்சா? எதுக்கு வெட்டினீங்க?"

"வெட்டச் சொன்னாங்க."

"யார் வெட்டினது?" என்று மனைவி கேட்டாள்.

"நான்தான். அந்த முதல் பாட்டுலயும் நான்தான்."

மனைவி பார்த்த பார்வைக்கு அவன் வீட்டில் தனியாக விலை கொடுக்க வேண்டியிருக்கும். "அநியாயமா அவளைப் போய் மனுஷியான்னு கேட்டேனே," என்றாள். "திருப்பி வைங்க. எல்லாத்தையும்."

"தயாரிப்பாளர்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள் பாடகி.

கத்தரி விசைப்பலகைப் பக்கம் திரும்பினான். மனைவி அவன் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டு, மழைக்கோட்டுக்காரியின் இடது பக்கம் போய் நின்றாள், இரண்டாம் வரிசையில் நிற்பது போலத் தோளை இறக்கி.

"நாலாவது வரியிலேர்ந்து போவோமா? அங்கே எனக்கு உடையுது."

"போலாம்கா."

பதிவு பண்ணட்டுமா என்று அவன் கேட்டான்.

"சும்மா இருங்க," என்றாள் மனைவி. "மாசக் கடைசிக்கு நாள் இருக்கு. முதல்ல இது வருதான்னு பார்க்கறேன்."