கொக்கி பொருந்தாத கதவு

வால்தம்ஸ்டோ என்ற வெள்ளைக்கார ஊரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்த கலாவதிக்கு, எதுவும் கோணலாக இருந்தால் அது நேராகும்வரை சோறு இறங்காது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பங்குனியில் அப்படிக் கோணிப்போனது சலவை மெசினின் கதவு.

முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெசின். இடது பக்கத்தில் கதவைத் தாங்கும் பிணைச்சல் தளர்ந்து கதவு கீழே தொங்கிவிட்டது. வலது பக்கத்துக் கொக்கி, போய் விழவேண்டிய துளைக்கு ஒரு விரற்கடை கீழே முட்டிக்கொண்டு நின்றது. ஒரு கையால் கதவைத் தூக்கிப் பிடித்து முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் பூட்டும். பூட்டினாலும் ரப்பர் வளையத்தில் சரியாகப் பதியாமல் தண்ணீர் கசியும். கசிந்த தண்ணீர் கீழ்வீட்டு லூர்தம்மாவின் சமையலறைக் கூரையில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு வட்டம் போட்டிருந்தது.

கணவன் பாலேந்திராவிடம் சொன்னாள்.

"நாளைக்குப் பாப்பம், கலா," என்றான் அவன். அடுத்த நாளும் அதையே சொன்னான், அதற்கடுத்த நாளும்.

கதவைவிட அந்தப் பதில்தான் அவளை அரித்தது. பாலேந்திரா கைவேலை தெரிந்தவன். பழைய வீட்டில் சுடுதண்ணீர்க் குழாய் ஒழுகியபோது, யாரும் கேட்காமலே தரையில் படுத்துக் கிடந்து சரிசெய்தவன். மெசினை அதிகம் பாவிப்பவனும் அவன்தான். பாண் ஃபக்டரியில் விடியற்கால ஷிப்ட் முடித்து மத்தியானம் வருவான். மாப் படிந்த மேலங்கியைத் தானே மெசினில் போடுவான். அப்படிப்பட்டவன் இப்போது சோபாவில் இருந்தபடி அசையாமல் டிவி பார்த்தான். கோயிலுக்கு வா என்றால் களைப்பு என்றான். கடைக்கு வா என்றால் நீ போய்வா என்றான். வீட்டில் மனம் ஒட்டாமல் போய்விட்டதோ, வேறெங்கோ எண்ணம் ஓடுகிறதோ என்று கலாவதி என்னென்னவோ யோசித்தாள். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்குரூ ட்ரைவரை எடுத்தாள். கதவைத் திறந்து, அதன் கீழே டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி, சரியான உயரத்துக்கு முட்டுக்கொடுத்தாள். பிணைச்சலின் இரண்டு ஸ்குரூக்களையும் தளர்த்தி, கதவை மேலே தள்ளிப் பிடித்து இறுக்கினாள். மூடிப் பார்த்தபோது கொக்கி 'டக்' என்று துளைக்குள் போய் விழுந்தது. அன்று பின்னேரம் மட்டும் அவள் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஓரிடத்தில் இருந்தாள்.

ஒரு கிழமை போகவில்லை, கதவு திரும்பவும் தொங்கியது. ஸ்குரூக்கள் தளரவேயில்லை. பிணைச்சலின் இரும்பே வளைந்திருந்தது. யாரோ பாரம் கொடுத்திருக்கவேண்டும். எட்டு வயது மகள் தர்சினியைக் கூப்பிட்டாள்.

"நீதானே இதில பிடிச்சுத் தொங்கினனீ?"

"நான் தொடேல்லை அம்மா. ஐ ப்ராமிஸ்."

பொய் வேறு சொல்கிறாள் என்று கலாவதிக்குக் கோபம் தலைக்கேறியது. நன்றாக ஏசினாள். சனிக்கிழமை நீச்சலுக்குப் போக ஏலாது என்று தண்டனையும் கொடுத்தாள். பிள்ளை விக்கி விக்கி அழுதது. பாலேந்திரா அதே அறையில்தான் இருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, சுவரில் கையை ஊன்றியபடி எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கலாவதி உதிரிப்பாகம் விற்கும் கடையைத் தேடிப்பிடித்துப் புதுப் பிணைச்சல் வாங்கினாள். இந்த முறை கதவை முழுதாகக் கழற்றி, துவாய் விரித்துக் குப்புறக் கிடத்தி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையத்தைப் பிரித்து, வளைந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். திரும்ப மாட்டியபின், பேப்பர்த் துண்டொன்றை வளையத்தைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் ரப்பர் இறுக்கிப் பிடித்தது. இனி ஒரு சொட்டும் கசியாது என்று சொல்ல லூர்தம்மாவிடம் இறங்கிப் போனாள்.

லூர்தம்மா சந்தோஷப்பட்டுவிட்டு, வேறொன்று கேட்டார். "அது சரி பிள்ளை, மத்தியானத்தில உங்கட குசினிக்குள்ள என்ன விழுறது? மூட்டை விழுந்த மாதிரிச் சத்தம். நேற்றும் கேட்டது."

மத்தியானத்தில் தர்சினி பள்ளிக்கூடத்தில். கலாவதி முதியோர் இல்லத்துச் சமையலறையில். வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான். மாடிப்படியில் பாதியில் நின்று யோசித்தாள். அவனிடம் நேரே கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான்.

மறுநாள் வேலையில் அவளுக்குக் கை ஓடவில்லை. உருளைக்கிழங்கு தோலுரிக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். தலையிடி என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள். பஸ் வரக் காணோம். நின்று பார்த்தாள், முடியவில்லை, நடந்தாள். பிறகு ஓட்டமும் நடையுமாக வந்து, சத்தம் போடாமல் வீட்டைத் திறந்தாள்.

சமையலறைத் தரையில் பாலேந்திரா இருந்தான். மெசினுக்குள் மேலங்கியைத் திணித்துவிட்டு எழும்பப் பார்க்கிறான். வலது கால் துணி மாதிரிப் பக்கவாட்டில் கிடந்தது. திறந்திருந்த கதவை இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் போட்டுத் தன்னை மேலே இழுத்தான். புதுப் பிணைச்சல் கிறீச்சிட்டது. பாதி எழும்பியவன் தொப்பென்று திரும்ப விழுந்தான்.

அவள் ஓடிப்போய், அவனுடைய கையைத் தன் தோளில் போட்டு, இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கதிரையில் இருத்தினாள். இல்லத்துக் கிழவர்களை நேர்ஸ்மார் அப்படித் தூக்குவதை அவள் கண்டிருக்கிறாள். தன் புருஷனை அப்படித் தூக்க நேரும் என்று நினைத்ததில்லை.

"எப்ப தொட்டு?"

"மார்கழி. இடுப்பில பிடிச்சது, பிறகு வேலை முடிஞ்சு வந்தா காலில உணர்வில்லை." அவன் குனிந்தபடியே இருந்தான். "அம்பலவாணன் அண்ணைக்கும் இப்பிடித்தான் துவங்கினது, கலா. கால்தான் முதல்."

அம்பலவாணன் அவனுடைய மூத்த தமையன். நரம்பு நோயில் ஐந்தாறு வருஷம் படுக்கையில் கிடந்து இணுவிலில் செத்துப்போனவர். டொக்டர் வாயிலிருந்து அந்த நோயின் பெயரைக் கேட்கப் பயந்து, இவ்வளவு நாளும் சுவரையும் மேசையையும் மெசின் கதவையும் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

கலாவதிக்கு அழுகை வந்தது, அதற்கு முதல் கோபம் வந்தது. "நான் பிள்ளைக்கு ஏசேக்குள்ள பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

"ஓம்," என்றான் அவன். "அண்டைக்கு முழுக்க நித்திரையில்லை."

தர்சினி வந்ததும் அவனே கூப்பிட்டுச் சொன்னான்: கதவை வளைத்தது அப்பா. பிள்ளை கொஞ்சநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, கால் நோகிறதா என்று கேட்டாள். கலாவதி மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தான் ஏசியது பிழை என்றாள்.

அடுத்த நாளே டொக்டரிடம் போனார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கான் எடுத்து முடிவு வரும்வரை கலாவதி வீட்டுக்குள் நடந்தபடியே இருந்தாள். கழுவின பாத்திரத்தைத் திரும்பவும் கழுவினாள். கடைசியில் தமையனின் நோய் இல்லை என்று தெரிந்தது. மாவு மூட்டை தூக்கித் தூக்கி முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகி நரம்பை நசுக்கியிருக்கிறது. உடனே வெட்டி எடுக்கவேண்டும், இவ்வளவு நாள் வைத்திருந்ததே பிழை என்று ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார சேர்ஜன் கடுமையாகச் சொன்னார். பாலேந்திரா அந்தக் கடுமையைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் குழம்பிப்போனார்.

வைகாசியில் ஒப்பரேஷன் நடந்தது. உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பாதத்தின் வெளிப்பக்கம் மட்டும் மரத்தபடி நின்றுவிட்டது; செருப்புக் கழன்று விழுந்தால் குனிந்து பார்த்துத்தான் அவனுக்குத் தெரியும். ஆவணியில் திரும்ப வேலைக்குப் போனான். மூட்டை தூக்குவதில்லை, பாண் பொதிசெய்யும் பகுதியில் நிற்கிறான்.

இப்போதெல்லாம் பாலேந்திரா எதையும் ஒளிப்பதில்லை. சின்னதாக இடுப்புப் பிடித்தாலும் சொல்லிவிடுகிறான். கலாவதிதான் இன்னும் நம்புவதில்லை. அவன் அடுத்த அறைக்குப் போனால் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுக்கிறாள். வலது கால் தரையில் லேசாக இழுபடும் சத்தம் கேட்டபிறகுதான் திரும்பவும் கறியைக் கிண்டுகிறாள்.