சிவப்புக் கல் மோதிரமும் நஷ்மியின் ஒட்டகமும்

வெள்ளித் தட்டான் மஹாவி யார் விரலையும் நூல் போட்டு அளந்ததில்லை. ஒரு பார்வை பார்த்தால் போதும், மோதிரம் கச்சிதமாக உட்காரும் என்று கலாத் சாலிஹ் ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அவன்தான். தன் கல்யாணத்துக்கும் அப்படியே செய்தான். கோடையில் கல்யாணப் பெண் ஷாரத் மொட்டை மாடியில் பேரீச்சம்பழம் உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் சுண்டு விரல்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய், சிவப்புக் கல்லில் ஒன்று, பச்சைக் கல்லில் ஒன்று என்று இரண்டு வெள்ளி மோதிரங்களை அடித்து வைத்துவிட்டான்.

எங்கள் ஜனத்தின் கல்யாணம் ஆற்றில்தான் தொடங்கும். மாப்பிள்ளை, பெண், பெண்ணின் இரண்டு மோதிரங்கள், எல்லாம் ஓடுகிற தண்ணீரில் முழுகி எழ வேண்டும். அன்றைக்கோ பல் கிட்டிக்கும் குளிர். ஷாரத் மூன்றாம் முறை முழுகி எழுந்தபோது சிவப்புக் கல் மோதிரம் கையில் இல்லை. குளிரில் விரல் சுருங்கிவிட்டது, மோதிரம் நழுவிவிட்டது. அவளுடைய தம்பிகள் நால்வரும் டைக்ரிஸ் ஆற்றில் குதித்துத் துழாவினார்கள். ஒரு பழைய செருப்புதான் கிடைத்தது.

 சடங்கு நடத்தும் குரு ஷேக் பெஹ்ராம் நட்சத்திரம் பார்த்துக் குறித்த வேளை உச்சிவெயிலுக்குள் முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த நல்ல வேளைக்கு நாலு மாதம். ஷாரத்துக்கு வயது முப்பத்திரண்டு. தாய் போன பிறகு தம்பிகளை வளர்த்து, கடைசித் தம்பிக்கும் பெண் பார்த்து முடித்துவிட்டு, "இப்ப என் முறை" என்றவள். அவளுக்காக மஹாவி ஒன்பது வருஷம் காத்திருந்தான். இனி ஒன்பது நாள்கூட அவனால் முடியாது.

மோதிரம் செய்வது அவனுக்குப் பெரிய வேலையா என்ன? ஆனால் முழுகி எழுந்து வெள்ளை உடுத்திய மாப்பிள்ளை, சடங்கு முடியும்வரை நெருப்பைத் தொடக் கூடாது, இரும்பைத் தொடக் கூடாது, முழுகாத ஆளைத் தொடக் கூடாது. தொட்டால் எல்லாம் முதலிலிருந்து.

"நஷ்மியைக் கூப்பிடுங்க" என்றார் ஷேக்.

"வேற யாராவது..." என்று இழுத்தான் மஹாவி.

"வேற யாரு? ஊர்ல இதை நேரத்துக்குச் செய்யறவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் நனைஞ்சு நிக்கிறான்."

மஹாவியும் நஷ்மியும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. நஷ்மி வெள்ளிப் பெட்டியில் செதுக்கிக் கருமை நிரப்பிய ஒட்டகத்தை மஹாவி கையில் வாங்கிப் பார்த்து, "ஆடு நல்லா இருக்குடா" என்று நடுக்கடைத்தெருவில் சொன்னதால் வந்த வினை. அன்றிலிருந்து நஷ்மி தெருவில் போனால் யாராவது ஒருவர் 'மே' என்பார்.

பின்வரிசையில் நின்று பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்த நஷ்மி, கொட்டையைத் துப்பிவிட்டு நிதானமாக வந்தான்.

"என்ன மாப்பிள்ளை, கண்ணளவு காலை வாரிடுச்சா? வெயில்ல பார்த்த விரலுக்குக் குளிர்ல மோதிரம். ஆத்துல கல்யாணம் பண்ற ஜனத்துல பொறந்த தட்டான் செய்யற வேலையாடா இது?"

மஹாவி தாடியிலிருந்த ஆற்றுத் தண்ணீரைப் பிழிந்துகொண்டான். 

நஷ்மியின் கடை கரையிலேயே இருந்தது. கரி அடுப்பு, ஊதுகுழல், சின்னப் பட்டடை, ஒரு சிவப்புக் கல் எல்லாம் வந்து இறங்கின. அளவுக்கு நூல் கொடுக்கலாம் என்றால், முழுகாதவன் தொட்ட நூலைப் பெண் தொடக் கூடாது. "நானே சொல்றேன் அளவு" என்று மஹாவி ஆரம்பிக்க, "நீ சொன்ன அளவுதான் ஆத்துல கிடக்கு" என்று நஷ்மி மடக்க, சடங்குக்காகக் கரையில் கட்டிய நாணல் குடிலுக்குள்ளிருந்து ஷாரத்தின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க."

திரைக்கு மேலாக ஒரு பச்சைக் கோரைப்புல் வளையம் பறந்து வந்து விழுந்தது. விரலில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள்.

"இந்தக் குளிருக்கு இதுதான் என் விரல். சீக்கிரம் ஆகட்டும், உள்ள உறையுது."

நஷ்மி மடியிலிருந்து ஒரு வெள்ளி ரியால் நாணயத்தை எடுத்துப் பழுக்கக் காய்ச்சி அடித்தான். மஹாவி இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றான். கை துறுதுறுத்தது.

"தீ ஜாஸ்தி."

"உன் வேலையைப் பாருடா. ஓ, உனக்குத்தான் வேலையே இல்லையே."

"கல்லைச் சாய்க்கிறே."

"கண்ணளவா சொல்றியா?"

கரையே சிரித்தது. ஒருமுறை மஹாவி தன்னை மறந்து குறடுக்குக் கை நீட்டிவிட்டான். ஷேக்கின் கோல் குறுக்கே வந்து விழுந்தது. "தொட்டே, நாலு மாசம்." கை தானாகப் பின்னால் போனது.

மோதிரம் முடிந்தது. கல் அமர்ந்தது. நிழல் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. நஷ்மி மோதிரத்தைக் கொடுக்காமல் செதுக்குளியை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் எதையோ செதுக்க ஆரம்பித்தான்.

"என்னடா பண்றே? நேரமாகுது."

"மொட்டை மோதிரம் என் பட்டறையிலேருந்து வெளிய போகாது."

அவன் உளி ஏழெட்டுத் தடவை வளைந்து திரும்பியது. பிறகு மோதிரத்தைத் தூக்கிப் பிடித்தான்.

"இது என்னன்னு ஊர் கேக்கச் சொல்லு. தந்துடறேன்."

மஹாவி மோதிரத்தைப் பார்க்கவே இல்லை, சூரியனைத்தான் பார்த்தான். "ஒட்டகம்."

"காதுல விழல."

"ஒட்டகம்டா! ஒட்டகத்துக்கு அப்பன், போதுமா?"

பெண்கள் குலவையிட்டார்கள். அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். நஷ்மி மோதிரத்தை ஷேக் நீட்டிய ஆற்றுநீர்க் கிண்ணத்தில் போட்டான். அப்போதுதான் மஹாவி எட்டிப் பார்த்தான். வாற்கோதுமை மணி அளவே இருந்த அந்த ஒட்டகம் ஒரு முன்காலைத் தூக்கி வைத்திருந்தது. கழுத்தின் தொய்வில் நெடுந்தூரம் நடந்த களைப்பு தெரிந்தது. 

குடிலில், திரைக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும் முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். ஆற்றோட்டத்தில் முழுக்கி எடுத்த புது மோதிரமும் பச்சைக் கல் மோதிரமும் அவள் விரல்களில் ஏறின. ஷேக் வழக்கப்படி இருவர் தலையையும் பிடித்து 'டொக்'கென்று முட்டவைத்தார்.

ஷேக் அடுத்த பாட்டுக்கு மூச்சு வாங்கியபோது ஷாரத் மெதுவாகக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க, இது ஒட்டகமா, ஆடா?"

"ஒட்டகம்தான். இந்த ஜென்மத்துல என்னால அப்படி ஒண்ணு செதுக்க முடியாது. அன்னிக்கு அந்தப் பெட்டியில இருந்ததும் ஒட்டகம்தான். பொறாமையில சொல்லிட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் ஷாரத். "நாணலுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறாரு. கால் தெரியுது."

மஹாவி திரும்பிப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். வெளியே நஷ்மி பலமாக மூக்கைச் சிந்தினான். பிறகு 'மே' என்று நீளமாக ஒரு குரல் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைக்கப் போனான்.