வியாழக்கிழமைப் புகை

இத்தா முடிந்த மறுநாளே சபீக்கா என்னை அத்தர் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். புருஷன் செத்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசனைப் பக்கமே போகக்கூடாது. எனக்கும் அவளுக்கும் செத்தது ஒரே புருஷன். சக்களத்தியோடு குவைத்தைச் சுற்றுகிறேன் என்று என் தங்கைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜாசிம் ஓரவஞ்சனை செய்யாத மனிதர். ஓர் இரவு அவள் வீடு, ஓர் இரவு என் வீடு. குளிர்காலத்து வியாழன் இரவு மட்டும் நண்பர்களோடு பாலைவனக் கூடாரம். அது எங்கள் இருவருக்குமே கிடையாது. அந்த நியாயத்தை நம்பித்தான் பதினெட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் குளிருக்கென்று இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தார். இரண்டும் தலைசுற்றும் விலை. ஒன்றை என் அங்கியின் வலது கையில் அடித்தார். அகிலும் தோலும், கொஞ்சம் குங்குமப்பூ. நன்றாகத்தான் இருந்தது.

மற்றதை இடது கையில் அடித்தார். சாம்பிராணி, கருகிய சர்க்கரை, அடியில் விறகுப் புகை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஜாசிம் கழற்றிப் போடும் ஆட்டுத்தோல் மேலங்கியின் வாசனை! அதில் முகம் புதைத்து எத்தனை காலை நின்றிருக்கிறேன். “கூடாரத்து நெருப்பு, வஸ்மியா. லேசுல போகாது” என்பார்.

“இதையே குடுங்க” என்றேன்.

சபீக்கா என் கையை இழுத்து முகர்ந்தாள். “அட, இது என்னோடதுக்கா! குளிர் வந்தா அவரே வாங்கிட்டு வந்துருவாரு. வியாழக்கிழம ராத்திரி இதத்தான் பூசணும்னு ஒரே அடம்.”

“வியாழக்கிழம அவரு கூடாரத்துக்குல்ல போவாரு?”

“எந்தக் கூடாரம்?” அவள் முகம் மாறியது. “அக்கா... நீதான் அந்த ராத்திரிய எனக்கு விட்டுக் குடுத்தேன்னு சொன்னாரே. எவ்வளவு பெரிய மனசு ஒனக்குன்னு, ஒவ்வொரு தொழுகையிலயும் ஒனக்காகத்தான மொதல்ல கேப்பேன்!”

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

“எதம்மா கட்டட்டும்?” என்றார் கடைக்காரர்.

“வலது கையில அடிச்சீங்களே, அது.”

வண்டியில் அவள் அழுதுகொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வீடு வரும்வரை இடது கையை முகர்ந்துகொண்டே வந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.