ஏழாம் நாள் எழுந்தவன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தவர்கள்: அகஸ்டினா. அவள் மகள் சகாயசெல்வி, வயது ஏழு. நாத்தனார் ஆனந்தமேரி, கையில் செபமாலையோடு. ஆனந்தமேரியின் புருஷன் பிரான்சுவா, சைகோனில் பட்டாளத்தில் இருந்துவிட்டு முட்டி தேய்ந்து ஊர் திரும்பியவர், ஆகையால் முழங்காலிடாமல் நாற்காலியில். பக்கத்து வீட்டு வீராயி. அவளுக்கும் அந்தோணியாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செல்விக்குத் தலை பின்ன வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அகஸ்டினாவின் புருஷன் லூர்துநாதன். அவனை இருந்தவர்களில் சேர்க்கலாமா என்பது அன்று காலை வரைக்கும் சந்தேகம்தான். ஒன்பது மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

ஆலையில் தறி மேஸ்திரியாக இருந்த ஆள். போன புரட்டாசியில் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் விழுங்குவான். திருப்பிப் படுக்க வைத்தால் திரும்புவான். கால் சூம்பிவிடக் கூடாதென்று அகஸ்டினா தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டாள். அப்படியும் கெண்டைச் சதை கரைந்து எலும்பாகிவிட்டது. முப்பத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம் ஆனந்தமேரி உப்பளத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் புறப்பட்டு வந்து, அவனுக்காக அங்கேயே அந்தோணியாருக்கு ஒன்பது நாள் நவநாள் ஆரம்பித்தாள். இது ஏழாம் நாள்.

பிரார்த்தனை பாதி போயிருக்கும். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்ற பதில் கட்டிலிலிருந்து வந்தது. அடித்தொண்டையில், சுத்தமான குரலில். எல்லோரும் திரும்பினார்கள். லூர்துநாதன் எழுந்து உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்து முழங்காலிட்டான். ஆனந்தமேரி விட்டுப்போன ஒரு வரியை எடுத்துக் கொடுத்து, கடைசிவரை அவனே முன்னின்று சொன்னான்.

ஆனந்தமேரி தரையில் விழுந்து அழுதாள். பிரான்சுவா மூக்கைச் சிந்தினார்.

“உங்க சாமி கெட்டிக்காரருதான் மேரியக்கா” என்றாள் வீராயி. “ஒம்போது நாள் வேலைய ஏழு நாள்ல முடிச்சிட்டாரு.”

அகஸ்டினா அழவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள். விளக்கு ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. இந்தக் கண்ணை அவள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். கல்யாணம் ஆன வருஷம் ஒரு தடவை, செல்வி பிறந்த வருஷம் ஒரு தடவை. இந்த நோய்க்குப் பேர் சொல்ல ஊரில் ஆளில்லை. அவளாக மனதுக்குள் படுக்கை என்றும் ஓட்டம் என்றும் இரண்டு பேர் வைத்திருந்தாள். படுக்கை முடிந்தால் ஓட்டம். ஓட்டத்தில் தூக்கம் கிடையாது. முதல் இரண்டு நாள் சொர்க்கம். போன தடவை மூன்றாம் நாள் ஆலை மதில்மேல் நடந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். கால் ஒடிந்ததால்தான் ஆள் மிஞ்சினான்.

அவள் நாத்தனாரை அடுப்படிக்கு அழைத்தாள். “அண்ணி, உள்ளறையில வெச்சிப் பூட்டிடணும். ஒரு பத்து நாளு.”

“அந்தோணியார் எழுப்பி வுட்டவன நீ பூட்டப் போறியா? செவ்வாக்கிழமை கோயில்ல மெழுகுவத்தி புடிச்சி நன்றி சொல்லணும். தெரு பூரா சொல்லிட்டேன்.”

“போன தடவை நீங்க பாக்கல அண்ணி.”

“போன தடவை நவநாள் சொல்லல.”

அகஸ்டினா உள்ளறைச் சாவியைத் திரும்ப இடுப்பில் செருகினாள். பூட்டவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவன் கடற்பாலத்துக்குப் போனான். அகஸ்டினா செல்வியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். சரக்குக் கப்பல் ஒன்று வெகு தூரத்தில் நங்கூரம் போட்டிருந்தது. கரையிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் அளவு. அவன் இரும்புப் பாலத்தின் நுனி வரை நடந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் குதித்தான்.

கப்பலுக்குச் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த சலங்குப் படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்தினார்கள். “அங்க நீரோட்டம் வடக்க இழுக்கும். நாங்களே சும்மா எறங்க மாட்டோம்” என்றான் ஒருவன். லூர்துநாதன் தலை தேங்காய் அளவு தெரிந்தது. பிறகு மிளகு அளவு. பிறகு தண்ணீர் மட்டும்.

பாலத்தில் கூட்டம் சேர்ந்தது. வெயில் ஏறியது. அகஸ்டினா ஒரு செபமும் சொல்லவில்லை. நேற்று முன்தினம் இரண்டு விரலுக்குள் அடங்கிய அந்தக் கெண்டைக்காலை நினைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் போட்டு நீவியதில் வந்த பலம் இல்லை இது. எங்கிருந்து வந்தது? ஒன்பது மாதம் சுவரைப் பார்த்தவன் அந்தச் சுவரிலிருந்து எதை உறிஞ்சி எடுத்து வைத்திருந்தான்?

மிளகு மறுபடி தெரிந்தது.

இரும்பு ஏணியில் ஏறி வந்தான். மூச்சு வாங்கவில்லை. உடம்பெல்லாம் தண்ணீர் வழிந்து வெயிலில் மின்னியது. கூட்டம் விலகி வழிவிட்டது, நற்கருணைப் பவனிக்கு விலகுவதுபோல. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

“தண்ணியிலேர்ந்து அண்ணாந்து பாத்தா கப்பலு கோயில் சுவரு மாதிரி இருக்கு, அகஸ்டி. இரும்புச் சுவரு. அலை வந்து மோதறப்ப உள்ள யாரோ மூச்சு வுடற மாதிரி ஒரு சத்தம். காத வெச்சிக் கேட்டேன். கப்பல்காரங்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன், நாளைக்கு எம் பொண்ண முதுகுல வெச்சிக் கூட்டியாறேன்னு.”

அவன் சொல்லும்போது அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு நொடி அவள் நம்பினாள். இவன் கொண்டுபோவான், கொண்டும் வருவான் என்று நம்பினாள். நம்பியதுதான் அவளைப் பயமுறுத்தியது. தனக்கே இப்படியென்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு?

மத்தியானம் வீட்டில் ஆனந்தமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. “ஆண்டவரு கூப்புட்டதும் இராயப்பர் தண்ணி மேல நடந்தாரு இல்ல? அந்த மாதிரி” என்றாள்.

“நடந்தவருதான முங்கிட்டாரு?” என்றாள் வீராயி. “நீங்க சொன்ன கதைதான்.”

ஆனந்தமேரி முறைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே தொட்டிக்குள் தலையை முழுக்க அமுக்கிக்கொண்டு செல்வி குனிந்திருந்தாள். விரல் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தமேரி பின்னலைப் பிடித்துத் தூக்கினாள். பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது.

“என்னாடி பண்ற?”

“மூச்சு புடிக்கிறேன் அத்தை. எம்பது எண்ணுற வரைக்கும் வுடக் கூடாதாம். அப்பா சொன்னாரு. நான் அம்பதுதான் வந்திருக்கேன். ராத்திரிக்குள்ள வந்துடுவேன்.”

ஆனந்தமேரி முந்தானையால் பிள்ளையின் தலையைத் துவட்டினாள். வெகுநேரம் துவட்டினாள். பிறகு அடுப்படிக்கு வந்து அகஸ்டினாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“சாவி எங்க?”

பிரான்சுவா தலையை ஆட்டினார். “இப்ப அவன நாலு பட்டாளத்து சோல்தா வந்தாலும் அமுக்க முடியாது. நான் பட்டாளத்துல இந்த மாதிரி ஒருத்தன பாத்திருக்கேன்.”

“அமுக்க வேணாம்ண்ணே. அவருக்குக் கேக்க ஆள் வேணும். கேக்கறவ போற எடத்துக்கு வருவாரு” என்றாள் அகஸ்டினா.

உள்ளறையில் ஒரு பாய், ஒரு குடம் தண்ணீர், ஒரு வாளி வைத்தாள். அரிவாள்மனையையும் கயிற்றுக் கொடியையும் வெளியே எடுத்துப் போட்டாள். ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தாள்.

“அகஸ்டி, நீயுமா உள்ள?” என்றாள் வீராயி.

“நான் இல்லாம அவரு ஏன் உள்ள போறாரு? பிள்ளைய உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அண்ணி, பத்து நாளு. சோறு ஜன்னல்ல குடுங்க. அவரு கெஞ்சினாலும் தொறக்காதீங்க. நான் கெஞ்சினாலும் தொறக்காதீங்க.”

“நாளைக்கு மெழுகுவத்தி...” என்று ஆரம்பித்து ஆனந்தமேரி நிறுத்திக்கொண்டாள்.

லூர்துநாதன் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி காகத்துக்குக் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அகஸ்டினா அவன் எதிரே போய் நின்றாள். பூட்டப் போகிறவள்தான், ஆனாலும் அவனைப் பார்க்கக் கண் கூசியது. அவ்வளவு ஒளி. இது அணையும், அணைந்தபின் மறுபடி கஞ்சியும் எண்ணெயும் தன் கையில்தான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“அந்தச் சுவரு மூச்சு வுட்டுதுன்னீங்களே. அத திருப்பிச் சொல்லுங்க” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி, நிற்காமல், உள்ளறைக்குள் நடந்தாள்.

“நீ கேளேன். மொதல்ல ஒண்ணும் கேக்காது. காத நல்லா ஒட்ட வெக்கணும்” என்று பேசிக்கொண்டே அவன் அவள் பின்னால் வந்தான். பேச்சை விட்டுவிட்டு நிற்க அவனால் முடியாது. நிலையைத் தாண்டினான். இரண்டு கையையும் விரித்துக் கப்பலின் அகலத்தைக் காட்டினான்.

அவன் முதுகுக்குப் பின்னால் ஆனந்தமேரி கதவைச் சாத்தினாள். நாதாங்கியை மாட்டி, பூட்டைக் கோத்து, சாவியைத் திருகினாள்.