நூற்று இருபது சென்டிமீட்டர்

"ஹேலாவுக்கு இதெல்லாம் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"உயரம் பத்தாது," என்றான் குஸ்தாவ்.

"பிடிக்குமான்னுதான் கேட்டேன்."

"ஏறினாத்தானே தெரியும்? நூத்தி நாலுதான் இருக்கா. இதுக்கு நூத்தி இருபது வேணும்."

"குழந்தைங்க வருஷத்துக்கு எவ்வளவு வளருவாங்க?"

"ஆறு, ஆறரை. உனக்கெதுக்கு அந்தக் கணக்கு?"

"சும்மாதான்."

இப்படிப் பேசி இரண்டரை வருடம் ஆகிறது. ஏப்ரல் மாதம், க்ராகூவ் பக்கத்தில் ஒரு பூங்கா, ரோலர் கோஸ்டருக்கான வரிசை. சும்மா என்று சொன்னேனே தவிர, வண்டியில் ஏறுவதற்குள் வகுத்துப் பார்த்துவிட்டேன். பதினாறு சென்டிமீட்டர். இரண்டரை வருடம். அதாவது, இந்த அக்டோபர்.

நான் கதோவித்சேயில் டிராம் ஓட்டுகிறேன். பெயர் கிங்கா. வாரத்தில் ஐந்து நாள் தண்டவாளத்தின் மேல்தான் பிழைப்பு. ஆனால் என் வண்டியில் ஏறுகிற ஒருவர்கூடக் கையைத் தூக்கிக்கொண்டு கத்தியதில்லை. அந்தக் குறை தீரத்தான், விவாகரத்து முடிந்த வருடம், ரோலர் கோஸ்டர் பைத்தியங்களின் சங்கத்தில் சேர்ந்தேன். பக்கத்து இருக்கை காலியாகப் போவது எங்கள் சங்கத்தில் பெரும்பாவம். தனியாக வருகிறவர்களை ஜோடி சேர்த்து உட்காரவைத்துவிடுவார்கள். அப்படி முதல் நாளே என் பக்கத்தில் வந்து விழுந்தவன் குஸ்தாவ்.

பொய்ப்பல் செய்யும் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. அவனும் மனைவியைப் பிரிந்தவன். மகள் ஹேலா ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் போய்விடுவாள், இவன் பூங்காவுக்கு வந்துவிடுவான். நான்கு சீசன்களில் அறுபத்தோரு கோஸ்டர்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பூங்காவுக்கு வெளியே சேர்ந்து ஒரு காபி குடித்ததில்லை. ஹேலாவுக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியும். சூப்பில் கேரட்டை மட்டும் ஒதுக்கி விளிம்பில் வட்டமாக அடுக்குவாள் என்றும் தெரியும். அவளைப் பார்த்தது மட்டும் அவனுடைய போனில்தான். நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். அவன் தயங்கிவிட்டால்? இந்தப் பக்கத்து இருக்கையும் போய்விடுமே.

அக்டோபர் கடைசி ஞாயிறு. மலையடிவாரத்துப் பூங்கா அன்றோடு மூடி, ஏப்ரலில்தான் திறக்கும். என் கோட்டுப் பையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அதில் பெரிதாக 100 என்று எழுதியிருந்தேன். நூறாவது கோஸ்டரில் ஏறுகிறவர்கள், இறக்கத்தில் கேமரா படம் எடுக்கும் நொடியில், அந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்காகவே 'ஓர்லிக்' என்கிற புதுக் கோஸ்டரை வருடம் முழுக்கத் தொடாமல் வைத்திருந்தேன். எழுபத்தேழு மீட்டர் உயரம்.

அன்றைக்குப் பார்த்து ஹால்னி அடித்தது. அந்த மலைக்காற்று இறங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் நாய்கூட ஓரிடத்தில் படுக்காது. எல்லோருக்கும் தலைவலி. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை. ஓர்லிக்கின் வாசலில் சங்கிலி போட்டுவிட்டார்கள். தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து ஒரு வண்டியை மட்டும் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது உச்சியில் தயங்கித் தயங்கித் திரும்பும்போதெல்லாம் நான் வாசலுக்கு எதிரே மேலும் கீழும் நடந்தேன். எதிர்காற்றில் வேகம் செத்து, இரண்டு மேட்டுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டால் அன்றைய கதை முடிந்தது.

"ஏம்மா கிங்கா, நீ நடக்கிற நடையில தரை தேஞ்சிடும்போல இருக்கே," என்றார் தியோஃபில். எங்கள் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற மருந்துக் கடைக்காரர். அவர் ஏறிய கோஸ்டர்கள் எழுநூறைத் தாண்டும். "டிராம்ல போற வேகத்தைவிட ஜாஸ்தியா நடக்கிறே."

"காத்து எப்போ நிக்கும்னு சொல்லுங்க, நானும் நிக்கறேன்."

"அந்தப் பொம்மைங்களைப் பாரு, எவ்வளவு அமைதியா உட்கார்ந்திருக்கு. ஒண்ணாவது புலம்புதா?"

"அதுங்களுக்குத் தலைவலி கெடையாதே!"

குஸ்தாவ் இரண்டு காகிதத் தட்டுகளோடு வந்தான். வாட்டிய ஆட்டுப்பால் சீஸ், மேலே சிவப்பு ஜாம். சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிங்கா, ஒண்ணு சொல்லணும். ஹேலாவோட அம்மாவுக்குத் தூரத்துல, க்தான்ஸ்க்ல வேலை கெடச்சிருக்கு. பொண்ணு இனிமே என்கிட்டதான். ஏழு நாளும்."

"நல்ல விஷயம்தானே!"

"ரொம்ப நல்ல விஷயம். என்ன, ஞாயித்துக்கிழமை மட்டும்..." குச்சியால் ஜாமைக் கிளறினான். "அடுத்த சீசன் நான் வர்றது கஷ்டம். தியோஃபில்கிட்ட சொல்லிட்டேன். உன் பக்கத்துல வேற யாரையாவது போடுவாரு."

தேய்ந்த பிரேக் கட்டையைக் கழற்றிவிட்டு வேறு போடுவது மாதிரி சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. 'வேற யாரும் வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். "சீஸ் ஆறிடும், சாப்பிடு" என்றேன்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஓர்லிக்கின் வாசல், கழிப்பறை, டீக்கடை, மறுபடி வாசல். எதற்காக அலைகிறேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. காற்று நிற்க வேண்டும் என்றும் இருந்தது. நின்றால் ஏறி இறங்கி எல்லாம் முடிந்துவிடுமே என்றும் இருந்தது.

இரண்டரை மணிக்குக் காற்று சற்று அடங்கியது. பொம்மைகளை இறக்கினார்கள், சங்கிலியை அவிழ்த்தார்கள். ஓடினோம்.

கடைசி வரிசை, இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன். எப்போதும் அப்படித்தான். முன்வரிசை வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. கடைசி வரிசையைத்தான் முழு வண்டியும் சேர்ந்து உச்சியிலிருந்து பிடுங்கி எறியும். மத்தியானம் என்பதால் சக்கரங்கள் சூடேறி நன்றாக உருண்டன. ஏறும்போது சங்கிலி கடகடவென்று தட்டும் சத்தம் முதுகெலும்பில் கேட்டது. உச்சியில் மலைகள் தெரிந்தன. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. இருக்கை கீழே போய்விட்டது, நான் மேலேயே இருந்தேன். இடுப்புக் கம்பி ஒன்றுதான் எனக்கும் பூமிக்கும் இருந்த ஒரே உறவு. அந்த இரண்டு நொடிக்காகத்தான் நாங்கள் ஊர் ஊராக அலைகிறோம். இரண்டாவது மேடு, மூன்றாவது, பக்கவாட்டில் சாய்ந்து ஒரு திருப்பம்.

"கேமரா! காகிதம்!" என்று குஸ்தாவ் கத்தினான். தூக்கிப் பிடித்தேன்.

படத்தில் நான் வாயைப் பிளந்திருந்தேன். காகிதம் என் மூக்கை மறைத்தது. குஸ்தாவ் கேமராவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தியோஃபில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பட்டியலைக் காட்டும்மா. சரிபார்க்காம சங்கம் ஒத்துக்காது." என் போனை வாங்கி வரிவரியாக விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "கடற்கரையில ஒரு பச்சைப் பாம்பு. அதுக்கு அடுத்த வருஷம் செக் எல்லைகிட்ட ஒரு மஞ்சள் வால்நட்சத்திரம். ரெண்டையும் எண்ணியிருக்கியா?"

"ஆமா. ரெண்டுலயும் ஏறினேனே."

"அடிப் பாவி! அந்தப் பாம்பைக் கழட்டி லாரியில ஏத்தி, மஞ்சள் பெயின்ட் அடிச்சு, அங்க கொண்டுபோய் நட்டாங்க. ஒரே இரும்பு! ஒரே கோஸ்டரை ரெண்டு தடவை எண்ணியிருக்கே. இது தொண்ணூத்தி ஒம்பது."

சுற்றி நின்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது.

"நானும் ரெண்டு தடவையும் இவ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்," என்றான் குஸ்தாவ். "எனக்கும் தெரியலையே!"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ தண்டவாளத்தைப் பாத்தாத்தானே?" என்றார் தியோஃபில். குஸ்தாவின் காது சிவந்தது.

இந்தப் பூங்காவில் நான் ஏறாதது ஒன்றுதான் மிச்சம். குழந்தைகள் பகுதியில் ஓடும் கம்பளிப்பூச்சி. மூன்று மீட்டர் உயரம். எங்களுக்குக் கணக்கு என்றால் கணக்குதான், கம்பளிப்பூச்சியும் கோஸ்டர்தான். பூங்கா மூட இருபது நிமிடம் இருந்தது. மூவரும் போனோம். வாசலில் ஒரு பெண்மணி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"குழந்தை எங்க?" என்றாள்.

"நான்தான்," என்றார் தியோஃபில்.

"அப்போ உங்கப்பாவைக் கூட்டிட்டு வா தம்பி, ஏத்தறேன்." ஊசி நிற்கவே இல்லை. "குழந்தையோட வந்தாத்தான் பெரியவங்க ஏறலாம். போர்டு இருக்கு பாருங்க."

"அங்க ஒரு குடும்பம் போகுது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பிள்ளையைக் கடன் கேக்கட்டுமா?" என்று தியோஃபில் கிளம்பினார்.

"கேட்டீங்கன்னா போலீஸ்தான் வரும். சும்மா இருங்க," என்றேன்.

அவர் சூடான ஒயின் தேடிப் போய்விட்டார். காற்று மறுபடி எழுந்து, காலடியில் சருகுகளைச் சுழற்றியது. கம்பளிப்பூச்சி காலியாக ஒரு சுற்று வந்து நின்றது. வாசலில் குழந்தைகளின் உயரம் பார்க்க ஓர் ஒட்டகச்சிவிங்கிப் பலகை. குஸ்தாவ் அதன் பக்கத்தில் போய் நின்று, கோடு ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தான். தலையைத் தடவுவது மாதிரி வைத்தான்.

"இப்போ இங்க இருக்கா," என்றான். "நூத்தி இருபத்தொண்ணு."

"எப்போ தாண்டினா?"

"ஆகஸ்ட்லயே."

"ஆகஸ்ட்லயா! நீ சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கலையே, கிங்கா." பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னிக்கு க்ராகூவ்ல ஒரு தடவை கேட்டே. அப்புறம் கேக்கவே இல்ல. சும்மாதான் கேட்டேன்னு வேற சொன்னே. நானும் சரி, சும்மாதான் போலன்னு விட்டுட்டேன்."

பின்னல்காரி ஸ்வெட்டரைச் சுருட்டிப் பையில் போட்டாள். ஒலிபெருக்கியில் வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். கையெட்டும் தூரத்தில் ஒரு சாக்கு தயாராக இருந்தது. கம்பளிப்பூச்சியில் ஏற எனக்கு ஒரு குழந்தை வேண்டும், ஏப்ரலில் கூட்டிக்கொண்டு வா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அவனும் சரி என்பான். ஆனால் அந்தக் குழந்தையை நான் டிக்கெட்டாகக் கேட்க மாட்டேன். ஏப்ரல்வரை காத்திருக்கவும் இனி முடியாது.

கோட்டுப் பையிலிருந்த காகிதத்தைக் கசக்கினேன்.

"கம்பளிப்பூச்சிக்காகக் கேக்கல, குஸ்தாவ்," என்றேன். "நூறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரட்டுமா? ஹேலாவை நான் பாக்கணும். உங்க ரெண்டு பேரோட என்னையும் சேத்துக்கோ."