வெர்னாவின் கூடத்துச் சீலிங்

வேலைக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, வருகிறவருக்குச் சிரமம் வேண்டாமே என்று பாதி வேலையைத் தாங்களே செய்து வைக்கிற ரகம் எங்கள் ஹிப்பிங் ஊர்க்காரர்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருஷமாக எலெக்ட்ரீஷியனாக இருக்கிறவள் நான். இந்த நல்ல மனசுக்காரர்கள் செய்து வைத்த கோளாறைச் சரிசெய்வதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது.

ரைனோ லாத்தியும் அந்த ரகம்தான். இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி வெர்னாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, இரண்டு மாதம் தாங்கினால் அதிகம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில்தான் சாக வேண்டும் என்பது வெர்னாவின் ஒரே ஆசை. வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு. நோயாளிக் கட்டில் படுக்கையறை வாசலில் நுழையாததால் ரைனோ அதைக் கூடத்தில் போட்டிருந்தார். அந்த இருட்டுக் கூடத்தில் சீலிங்குக்குள் பதிக்கிற விளக்கு வேண்டும் என்று அவள் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மனிதருக்கு இப்போதுதான் காது கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் போனபோது சீலிங்கில் ஆறு வட்ட ஓட்டைகள் தயாராக இருந்தன.

"ஞாயித்துக்கிழம சர்ச்சுலேர்ந்து வந்து நானே போட்டுட்டேன்," என்றார் ரைனோ, காபியை நீட்டியபடி. "நீ ஒயர இழுத்து மாட்டிட்டுப் போயிரு. ஒரு மணி நேர வேல."

"உங்கள யாரு ஓட்ட போடச் சொன்னது? குறுக்க மரக்கட்ட ஓடுதான்னு பாத்தீங்களா?"

"தட்டிப் பாத்துதான் அறுத்தேன். என்ன, மேலேர்ந்து கல்லு கல்லாக் கொட்டிச்சு. வாக்கூம் கிளீனர வெச்சு உறிஞ்சிட்டேன்."

ஏணியில் ஏறினேன். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பரண் முழுக்க, சாம்பல் நிறத்தில் லேசாகத் தங்கம் மின்னும், பொரி மாதிரியான கற்கள். குளிர் இறங்காமல் இருக்க அந்தக் காலத்தில் வீடு வீடாகக் கொட்டிய வெர்மிகுலைட். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் அதில் கலந்திருக்கக்கூடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"கொட்டினதையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"வீணாக்குவேனா? வெர்னாவோட பூத்தொட்டியில மண்ணோட கலந்துட்டேன். இதத்தான கடையில காசு குடுத்து வாங்குறோம்?"

கட்டிலைச் சுற்றி ஒன்பது பூத்தொட்டிகள், படுத்தபடியே அவள் கைக்கு எட்டும் தூரத்தில்.

அவரை வெளியே இழுத்து வந்து விஷயத்தைச் சொன்னேன். சாதாரண வாக்கூம் கிளீனரில் அந்தத் தூசு நிற்காது, பின்பக்கமாக வீடு முழுக்க ஊதிவிடும். வீட்டைச் சூடாக்கக் குழாயில் வருகிற வெப்பக்காற்று வேறு இரண்டு நாளாக எல்லா அறைக்கும் ஓடியிருக்கிறது. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால், அதற்கென்று உள்ள ஆட்கள் வந்து சுத்தம் செய்யும் வரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

"எத்தன நாளு?"

"அஞ்சு வாரம். ஆறும் ஆகலாம்."

"அந்தத் தூசு ஆளக் கொல்ல எத்தன வருஷமாகும்?"

"இருவது, முப்பது."

"அவளுக்கு இருக்கறது ரெண்டு மாசம், டார்லா. அவள அது என்ன செஞ்சிரும்? எனக்கு எழுபத்தெட்டு. என்னையும்தான் என்ன செஞ்சிரும்? வெளக்க மாட்டி ஓட்டைய மூடிரு. நீயும் நானும் வாயத் தொறக்க வேணாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றியது. இப்போதும் சில நாள் அப்படித் தோன்றுகிறது.

"வெர்னாவப் பாத்துக்க தினமும் வரப்போற நர்சுப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

கோப்பையில் மிச்சமிருந்த காபியை வாசலில் கொட்டினார். "இருவத்தஞ்சு இருக்கும்," என்றார். "நல்ல பொண்ணு."

அன்று மதியமே முதியோர் இல்லம் ஒன்றில் வெர்னாவுக்கு இடம் பிடித்தார். பரிசோதனையில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது உறுதியானது. சுத்தம் செய்யும் வேலை ஐந்தாவது வாரம் முடிந்தது. வெர்னா நாலாவது வாரமே போய்விட்டாள், யாரென்றே தெரியாத ஒருத்தியின் டிவி அலறிக்கொண்டிருந்த அறையில்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ரைனோ தானே கூஜாவை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் காபி ஊற்றினார். என்னிடம் வந்ததும், "நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். நன்றி," என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

"வெர்னா என்ன சொன்னாங்க, இதக் கேட்டு?"

"அவகிட்ட நான் சொல்லல. வெளக்கு வேல இழுத்துக்கிட்டே போவுதுன்னேன். அவ நம்பல. 'நான் வீட்டுல சாகறது உனக்குப் பிடிக்கல, அதான் இங்க தள்ளிட்ட'ன்னா."

ஆத்திரத்தில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நான்தான் ஓட்ட போட்டுக் கெடுத்தேன்னு தெரிஞ்சா, எனக்காக அழுதுருப்பா," என்றார் ரைனோ. "எம்மேல கோவமாப் போனா, அது தேவலன்னு விட்டுட்டேன்."

என் கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.